ஏழாம் எண் டப்பா

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கால்வலி மட்டும்தான். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவளுக்கு அது கூடப் பிறந்தது மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடையின் பின்னறையில் பைப் புகையிலை கலக்கும் பெரியவர் போன மாதத்தோடு நின்றுவிட்டார். கண் மங்கிவிட்டது. பதினெட்டு வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறேன், கடைசி ஆறு வருஷம் அவர் பக்கத்தில் நின்று கலந்தவள் நான். அறை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். முதலாளி தன் மருமகனையும் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டார். "ஆளுக்கொரு புதுக் கலவை போடுங்க. காரம் கம்மியா இருக்கணும், நாக்கை எரிக்கக் கூடாது, மணம் மட்டும் நிக்கணும். எது தேறுதோ அவங்களுக்கு அறை" என்கிறார். ஜூன் வரை நேரம். மருமகன் ஜெயித்தால் எனக்கு முன்பக்கத்தில்கூட இடம் இருக்குமா என்பது சந்தேகம்.

நான் புகை பிடிக்கிறவள் இல்லை. மூக்கை வைத்துக்கொண்டு பாதி தூரம்தான் போக முடியும். கடைக்கு வருகிறவர்களிடம் கொடுத்தால், எதிரில் நிற்கிறாளே என்று "பிரமாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு முகஸ்துதி தெரியாத ஒரு நாக்கு வேண்டும். முப்பது வருஷமாகப் பைப் பிடிக்கிற, அதில் பதினைந்து வருஷம் நான் அனுப்பும் ஒரே பர்லி இலைக் கலவையை மாற்றாமல் பிடிக்கிற உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மூன்று டப்பா அனுப்பியிருக்கிறேன். எண் மட்டும்தான் ஒட்டியிருக்கிறேன், உள்ளே என்ன என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று நாள் பிடித்துப் பார். நடுவில் பைப்பை நன்றாகத் துடைத்துக் காயவிடு. காரம், மணம், நாக்குக்கு எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் எழுது. நல்லதாக எழுத வேண்டாம், உள்ளதை எழுது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

தங்கை

ஜனவரி 26

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். கால்வலிக்குச் சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார். உட்கார மாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

டப்பாக்கள் வந்தன. நீரேற்று நிலையத்தில் என் வேலை என்ன, அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்து மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவதுதானே. பம்ப் ஓடும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் நிதானமாகவே பிடித்தேன்.

ஒன்று: காய்ந்த வைக்கோல் மணம், கடைசியில் தேன் மாதிரி ஒரு இனிப்பு. காரம் குறைவு. நாக்கு எரிகிறது, இடது ஓரத்தில். இரண்டு: பழ வாசனை, கொஞ்சம் தூக்கல். காரம் அதைவிடக் குறைவு. இதுவும் எரிகிறது. மூன்று: காரம் சரியாக நிற்கிறது, மணம் அறையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் அண்ணி ஜன்னலைத் திறந்துவிட்டு என்னையும் பைப்பையும் சேர்த்து வெளியே போகச் சொன்னாள். எரிச்சல் இதில்தான் அதிகம்.

கோபித்துக்கொள்ளாதே. உள்ளதை எழுதச் சொன்னாய். எனக்கு ஒரு பல்லும் முனை உடைந்து உரசிக்கொண்டிருக்கிறது. அதையும் கழித்துக்கொண்டு பார்.

அண்ணன்

பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் இல்லை. இப்படி ஒருவர் சொல்லத்தானே கேட்டேன்.

எரிச்சலுக்குக் காரணம் மஞ்சள் இலைதான் என்று நினைக்கிறேன். வர்ஜீனியா என்போமே, அதில் சர்க்கரைச் சத்து அதிகம், வேகமாக இழுத்தால் சூடேறி நாக்கைக் கடிக்கும். அதைப் பாதியாகக் குறைத்து, ஆவியில் வேகவைத்து அழுத்திய கறுப்பு இலையைக் கூட்டியிருக்கிறேன். நான்காம் எண் அது. ஐந்தில் மஞ்சள் இலையே கிடையாது. இவ்வளவு சாதுவான புகையிலை இந்தக் கடையில் இதுவரை போட்டதில்லை. தபால்காரர், பாங்க் காவலாளி, பியானோ சரிபார்க்கிறவர், மூன்று பேரும் "தலையணை மாதிரி இருக்கு" என்றார்கள்.

மருமகன் தன் கலவைக்குள் என்னென்னவோ எசென்ஸ் ஊற்றிக்கொண்டிருக்கிறான். பின்னறைக்குள் போனால் மிட்டாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. முதலாளிக்கு அது பிடித்துத் தொலைத்துவிடுமோ என்று பயம்.

பல்லைப் பிடுங்கிவிட்டாயா? தள்ளிப் போடாதே.

தங்கை

மார்ச் 22

அன்புள்ள குட்டிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டாவது பம்ப்பில் தண்ணீர் கசிந்து, பத்து நாள் அதைக் கழற்றி மாட்டுவதிலேயே போயிற்று. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

நான்கு: மணம் நன்றாக இருக்கிறது. எரிகிறது. ஐந்து: பைப்பை வலது பக்கம் மாற்றிப் பிடித்தால் பரவாயில்லை, இடது பக்கம் என்றால் முடியவில்லை.

வேறு செய்தி இல்லை. அண்ணி சமையலில் காரத்தைக் குறைத்துவிட்டாள். வயசாகிறதல்லவா. கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று ஷிப்டில் சொல்கிறார்கள், நல்லதுதான், ஏணி ஏற எளிதாக இருக்கிறது.

உன் வேலை நல்லபடி முடியட்டும்.

அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நான் நலமாக இல்லை.

போன வாரம் முதலாளி எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு கலவையையும் கொடுத்தார். என்னுடையது ஐந்தாம் எண். ஒருவர்கூட எரிகிறது என்று சொல்லவில்லை. எட்டில் ஒருவர்கூட. ஆனால் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்காமல், "எங்க அண்ணன் எரியுதுன்னு எழுதியிருக்கார், இன்னும் கொஞ்சம் மாத்தணும்" என்று சொல்லித் தொலைத்தேன். மருமகன் சிரித்தான். "அவங்க வீட்டிலேயே தேறல, மாமா" என்றான். முதலாளி சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நான் இந்தக் கடையில் சேர்ந்தபோது, "புகையிலைக் கடையில பொம்பளைக்கு என்ன வேலை" என்று வாசலிலேயே நின்று சொன்னாய். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் உள்ளே இருக்கிறதா? நான் முன்பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டினால் போதும், அறை கிடைக்க வேண்டாம் என்று நினைக்கிறாயா? மஞ்சள் இலையே இல்லாத புகையிலை எப்படி நாக்கை எரிக்கும்?

ஆறு, ஏழு, இரண்டு டப்பா அனுப்புகிறேன். இவைதான் கடைசி. யோசித்து எழுது.

தங்கை

மே 18

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத நினைத்தேன். டப்பாக்களை முடித்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். முடிக்க நாளாகிவிட்டது.

வாசலில் நின்று சொன்னது உண்மைதான். சொன்னது தப்பு. உனக்குக் கல்யாணம் தட்டிப்போய்விடும் என்று பயந்தேன், அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபம் அந்த வருஷத்தோடு போய்விட்டது. நீ அனுப்பும் புகையிலையைப் பதினைந்து வருஷமாகப் பிடிக்கிறேன், ஷிப்டில் யார் கேட்டாலும் "என் தங்கச்சி அனுப்பினது" என்று சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தை நீட்டுவேன். உன்னைக் கீழே இழுக்க நான் எழுதவில்லை. நம்பு.

ஆறு: நீ செய்ததிலேயே இதுதான் சாது. பைப்பின் பாதிக் கிண்ணம் வரை போக முடிந்தது. முதலாளியிடம் இதைக் கொடு.

ஏழு: மன்னித்துக்கொள். நெருப்பை வாயில் வைத்த மாதிரி இருந்தது. நாலு இழுப்புக்கு மேல் முடியவில்லை. மணமும் தட்டுப்படவில்லை. இது உன் கை மாதிரியே இல்லை. அந்த மருமகன் கலந்ததோ? என்னைச் சோதிக்க அனுப்பினாயோ என்னவோ. அப்படியானால் அவனுடையது தேறாது, நிம்மதியாக இரு.

அண்ணன்

மே 27

அண்ணா,

ஏழாம் எண் டப்பாவில் இருந்தது உன்னுடைய புகையிலை. பதினைந்து வருஷமாக நீ பிடிக்கிற அதே பர்லிக் கலவை. அதே ஜாடியிலிருந்து அள்ளி, உன் வழக்கமான பொட்டலத்தில் கட்டாமல் டப்பாவில் போட்டு எண் ஒட்டினேன்.

நீ பொய் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் செய்தேன். உன் பதில் வந்ததும், அகப்பட்டாய் என்று நாலு பக்கம் எழுதினேன். அதைத் தபாலில் போடப் போகும்போது ஒன்று தைத்தது. பொய் சொல்கிறவன் ஏழாம் எண்ணையும் "எரிகிறது" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பான். நாலு இழுப்பு என்று எண்ணிச் சொல்ல மாட்டான்.

திரும்பி வந்து, உன் கடிதங்களைக் கலக்குகிற மேஜைமேல் வரிசையாகப் பரப்பினேன். முதல் கடிதத்தில் இடது ஓரம். மூன்றாவது டப்பாவில் எரிச்சல் அதிகம். மார்ச்சில் வலது பக்கம் மாற்றிப் பிடித்தால் பரவாயில்லை. காரம் குறைத்த சமையல். இளைத்திருக்கிறேன். இப்போது பாதிக் கிண்ணம், நாலு இழுப்பு. நான் புகையிலையைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன். எரிச்சல் புகையிலையில் இல்லை, அண்ணா. உன் நாக்கில் இருக்கிறது.

வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை வலது பக்கம் இழுத்துப் பார். அண்ணியைப் பார்க்கச் சொல். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, கட்டி, எது இருந்தாலும் பல் டாக்டரிடம் போகாதே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ. போய்விட்டு எனக்கு எழுது.

சௌக்கியம் என்று மட்டும் எழுதாதே.

தங்கை

ஜூன் 19

அண்ணா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை.

நேற்று கடையிலிருந்து உன் நிலையத்துக்குப் போன் செய்தேன். யாரோ ஒருவர், "அவர் லீவுல இருக்காரும்மா" என்றார். எதற்கு லீவு என்று கேட்டேன். "அத அவர்கிட்டயே கேளுங்க" என்று வைத்துவிட்டார். பம்ப்பைக் கழற்றியபோதுகூட நீ லீவு போட்டதில்லை.

முதலாளி ஆறாம் எண்ணை எடுத்துக்கொண்டார். அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

இந்தக் கடிதத்தை அண்ணி பிரித்தால்: அண்ணி, நீங்களாவது ஒரு வரி எழுதுங்கள். எதுவானாலும்.

தங்கை

ஜூன் 28

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு உன் அண்ணன் மாதிரிக் கோர்வையாக எழுத வராது.

உன் மே மாதக் கடிதத்தை அவர் என்னிடம் காட்டவில்லை. நிலையத்து நோட்டுக்குள் செருகி வைத்திருந்தார். சட்டை துவைக்க எடுக்கும்போது நோட்டு விழுந்தது. படித்துவிட்டு அவர் முன்னால் வைத்தேன். "என்னங்க இது?" என்று கேட்டேன். "பல்லு உரசுது, அவ எதையாவது நினைச்சுக்கிறா" என்றார். "வாயத் திறங்க" என்றேன். திறக்கவில்லை. என் அப்பா செத்தபோதுகூட நான் அவர் முன்னால் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன். பிறகு திறந்தார்.

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு விரல் நுனி அளவுக்குப் புண். ஓரம் தடித்து, தொட்டால் கல் மாதிரி இருந்தது.

அடுத்த நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று. ஜூலை எட்டாம் தேதி ஆபரேஷன். நாக்கில் ஒரு பாகத்தை எடுப்பார்கள், கழுத்தையும் திறந்து பார்ப்பார்கள். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா சின்ன வேலை" என்றார் டாக்டர். அப்போதுதான் தெரிந்தது. டிசம்பரிலேயே நிலையத்துக்கு வருகிற டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் சரி. உன் டப்பா வந்த ஒவ்வொரு தடவையும் இவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிந்தபிறகு உன்மேல் எனக்குக் கோபம். நீதான் கண்டுபிடித்தாய் என்பதும் தெரியும். இரண்டும் எனக்குள் இருக்கிறது. ஆபரேஷன் முடியும்வரை நீ வராதே. உன்னைப் பார்த்தால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். எனக்கும் இப்போது உன் முகத்தைப் பார்த்துப் பேச வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

ஆகஸ்ட் 16

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இந்தத் தடவை எப்படி இருக்கிறேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

நாக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் எடுத்த கட்டிகளில் ஒன்றில் அது இருந்தது. அதனால் அடுத்த வாரம் முதல் கதிர்வீச்சு, ஆறு வாரம். அதன் பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்கள். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆறிய சூப்பை ஸ்பூனில் குடிக்கிறேன், பாதி சட்டையில் போகிறது. பேசினால் உன் அண்ணிக்கு மட்டும்தான் புரிகிறது, அவளுக்கும் பாதி ஊகம். ஒரு பெண் தினமும் வந்து எனக்குப் பேசச் சொல்லிக் கொடுக்கிறாள். மகள் வயசு. "ட" வரவில்லை என்று அதட்டுகிறாள்.

நீ இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அதனால் இதைக் கேள். டிசம்பரில் டாக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு, "இது புண்ணு மாதிரி இல்ல, உடனே காட்டுங்க" என்றார். என்ன சொல்கிறார் என்று அப்போதே புரிந்தது. நான் போகவில்லை. பிறகு உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு ஒத்தாசை, ஜூன் வரை பிடித்தாக வேண்டும், முடித்துவிட்டுப் போகலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்தது. உண்மை அதுவல்ல. பயம். உன் டப்பா வந்திருக்காவிட்டால் பம்ப் ரிப்பேர் என்றிருப்பேன், அதுவும் இல்லாவிட்டால் மழை என்றிருப்பேன். உன் பெயரைச் சொல்லி ஒளிந்துகொண்டேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும், நான் உன்னை அல்ல.

மஞ்சள் இலையைக் குறைத்துக் கறுப்பு இலையைக் கூட்டி மாசக்கணக்கில் பாடுபட்டாயே, என் எரிச்சலுக்காக. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

உன் அண்ணி இதை நான் எழுதுவதைத் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதிர்வீச்சுக்குத் தினமும் ஒரு ஆள் கூட வர வேண்டும், அவளால் எல்லா நாளும் முடியாது. "அவளை வரச் சொல்லுங்க" என்கிறாள். நான் கேட்டு எழுதவில்லை, அவளாகச் சொன்னாள்.

அண்ணன்

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வருகிறேன். ஆறு வாரமும் இருக்கிறேன். லீவு கேட்டு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கடைத்தெருக் கோடித் தையல்காரர் வந்தார். பத்து வருஷத்து வாடிக்கை. கடையில் இருப்பதிலேயே காரமானதுதான் அவருக்கு வேண்டும். அன்றைக்கு, "புதுசா ஒண்ணு போட்டிருக்கீங்களாமே, சாதுவா. அதக் கொடும்மா" என்றார். ஏன் என்றேன். "இப்பல்லாம் கொஞ்சம் எரியுது" என்றார்.

ஆறாம் எண் ஜாடியைத் திறந்து தராசில் அள்ளிவிட்டேன். அப்படியே திரும்ப ஜாடியில் கொட்டினேன்.

"எத்தனை நாளா எரியுது?" என்று கேட்டேன்.

"என்ன, ரெண்டு மூணு மாசமிருக்கும்."

இலையில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கிற கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வாயைத் திறக்கச் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார். மூன்று பேர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பற்றிச் சொன்னேன், அண்ணா, எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் சிரிப்பு நின்றது. வாயைத் திறந்தார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. அது என்ன என்று சொல்ல நான் யார்? பொட்டலம் கட்டும் தாளில் ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"இவருக்கு விக்க மாட்டேன்னு சொன்னேன், சார்."

"இவருக்கா, இல்ல யாருக்குமேவா? தெளிவா சொல்லிடுங்க. எனக்குக் கடை நடக்கணும்."

அவர் கேட்டதில் தப்பில்லை. பதினெட்டு வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. அடுத்து நின்றவர் டப்பாவை நீட்டியபோது கை போகவில்லை. அறைச் சாவியைத் தராசின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மருமகன் ஒதுங்கி வழிவிட்டான்.

மேற்கொண்டு என்ன வேலை பார்ப்பேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. அண்ணி, நான் வருகிறேன் என்பதற்காக உங்கள் கோபத்தை விழுங்கிக்கொள்ள வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும், நான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வருகிறேன்.

சனிக்கிழமை காலை வண்டியில் கிளம்புகிறேன். போகிற வழியில் தையல்காரர் கடையில் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்க வேண்டும். போகவில்லை என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு மாலை வண்டியில்தான் வருவேன். தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

தங்கை